ஒன்றுசேர்வது வேறு, துளியாவது வேறு

ஈஸ்ட் செல்லில் ஒரு மரபணு படியெடுக்கப்பட வேண்டுமானால், படியெடுப்புக் காரணிகள் எனப்படும் புரதங்கள் டி.என்.ஏ.வின் உரிய இடத்தில் அமர வேண்டும். இப்புரதங்களின் களங்கள் எனப்படும் சில பகுதிகள் தம்மைப் போன்ற பிரதிகளோடு தாமே ஒன்றுசேரும் இயல்புடையவை. அண்மை ஆண்டுகளில் இதற்கு ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது: இக்களங்கள் நீர்மத் துளிகளாகத் திரள்கின்றன, அத்திரட்சியே மரபணுவை இயக்குகிறது, திரட்சி கூடினால் இயக்கமும் கூடும். ஈஸ்டில் கிடைத்த சான்றுகள் இதை ஆதரிக்கவில்லை.

முதலாவது, சுயச்சேர்க்கை என்றாலே வரம்பற்ற திரட்சி என்பது தவறு. ஜி.சி.என்.4 என்ற காரணியின் இறுதிப் பகுதியில் உள்ள லியூசின் ஜிப்பர் களம் சரியாக இரண்டு பிரதிகளைப் பிணைக்கிறது. 1991-இல் வெளியான படிக அமைப்பு, இரு சுருள்கள் ஒன்றையொன்று தழுவி முறுக்கியிருப்பதைக் காட்டியது. அக்களத்தின் 16-ஆம் இடத்திலுள்ள அஸ்பரஜினை வாலினாக மாற்றினால் பிணைப்பு மேலும் உறுதியாகிறது. ஆனால் இரட்டைகளோடு மும்மைகளும் கலந்து உருவாகின்றன. அதாவது, இயல்பான ஜிப்பர் உறுதியைச் சற்று விட்டுக்கொடுத்து எண்ணிக்கையைக் காக்கும் அமைப்பு.

இரண்டாவது, சேர்க்கையே மரபணுவை இயக்குகிறது என்பதும் பொருந்தாது. 1990-இல் இதே ஜிப்பரை லாம்டா வைரஸின் அடக்கிப் புரதத்தின் டி.என்.ஏ. பிணைப்புக் களத்தோடு இணைத்தபோது, பாக்டீரியாவில் அது அடக்கியாகவே வேலை செய்தது. ஈஸ்டின் டப்1 புரதம் தன் முன்முனைக் களத்தால் நான்கு நான்காகச் சேர்கிறது. அதன் பணி மரபணுக்களை அடக்குவது. சேர்க்கைக்குத் தனியாக ‘இயக்கு’ என்ற பொருள் கிடையாது.

மூன்றாவது, துளிக் கருத்துக்குச் சொல்லப்படும் முதன்மைச் சான்று இரு பொருள் தருவது. 2018-இல் வெளியான ஆய்வில், ஜி.சி.என்.4-உம் மீடியேட்டர் என்ற புரதத் தொகுதியின் மெட்15 புரதமும் சோதனைக் குழாயில் சேர்ந்து துளிகளாயின. ஜி.சி.என்.4-இன் அரோமாட்டிக் அமினோ அமிலங்களை மாற்றியதும் மெட்15-உடன் துளி உருவாவதும் குறைந்தது, மரபணு இயக்கமும் குறைந்தது. ஆனால் மெட்15-ஐ நேரடியாகப் பற்றுபவையும் அதே அமினோ அமிலங்கள்தாம். இயக்கம் குறைந்தது துளி கெட்டதாலா, பற்றுதல் கெட்டதாலா என்பதை இச்சோதனை பிரித்துக் காட்டவில்லை.

நான்காவது, திரட்சிக்கும் இயக்கத்துக்கும் நேர்விகிதம் இல்லை. 2023-இல் வெளியான ஆய்வு, உயிருள்ள ஈஸ்டில் கேல்4 காரணியின் திரள்களை நுண்ணோக்கியில் அளந்தது. திரள்கள் கேல்4-ஐ இலக்கு மரபணுக்களின் அருகே கொண்டுவர உதவின. ஆனால் அங்கு வந்தும் டி.என்.ஏ.வைப் பற்றாத மூலக்கூறுகள் இயக்கத்துக்கு எதையும் சேர்க்கவில்லை; அவை தடையாகவும் இருக்கலாம் என்று கண்டறியப்பட்டது.

மறுதரப்பிலும் வலுவான சான்று ஒன்று உண்டு. ஈஸ்டில் படியெடுக்கும் நொதியான ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2-இன் வாலில், ஏழு அமினோ அமிலத் தொடர் ஒன்று 26 முறை திரும்பத் திரும்ப வருகிறது. வாலைக் குறைத்தால் படியெடுத்தல் தளர்கிறது. தம்முள் ஒட்டும் மனிதப் புரதப் பகுதிகளை அங்கே இணைத்தால் அது மீள்கிறது. வலுவற்ற சுயச்சேர்க்கை மூலக்கூறுகளைக் கூட்டிவர உதவுகிறது என்பதை இது மெய்ப்பிக்கிறது; துளி தேவை என்பதை மெய்ப்பிக்கவில்லை.

நேரடிப் பற்றுதலைக் கெடுக்காமல் துளியை மட்டும் கலைத்து, அதனால் மரபணு இயக்கம் நிற்பதைக் காட்டினால்தான் துளிக் கருத்து நிலைபெறும். அதுவரை, துளியை மரபணு இயக்கத்தின் காரணமாகப் பாடநூல்களில் எழுதுவது பிழை.