ஒரு தோளின் ஜாதகம்

தாம்பூலம் மாற்றிய பிறகு ஜாதகம் சரியில்லை என்று கல்யாணத்தை நிறுத்தும் குடும்பங்கள் உண்டு. 2021 கோடையில் அமெரிக்க பேஸ்பால் உலகில் நடந்தது ஏறக்குறைய அதுதான். மாப்பிள்ளை குமார் ராக்கர். வயது 21. தொழில், பந்து எறிவது. ஜாதகம், அவரது தோளை உள்ளே படம் பிடித்த ஸ்கேன்.

பெயரில் 'குமார்' வந்தது தற்செயல் அல்ல. தாய் லலிதா இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர். தந்தை டிரேசி ராக்கர் அமெரிக்கக் கால்பந்தில் பெயர் பெற்று, பிறகு பயிற்சியாளர் ஆனவர். மகன் தேர்ந்தெடுத்தது பேஸ்பாலில் பிட்சர் வேலை. கிரிக்கெட் பௌலரின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று பிட்சரைச் சொல்லலாம். ஆனால் ஓடி வர வழியில்லை. தரையில் குத்தி எழும் பந்தும் இல்லை. சிறு மேட்டில் நின்று, 60 அடி 6 அங்குல தூரத்தில் இருக்கும் மட்டைக்காரரைத் தாண்டி எறிய வேண்டும். பந்தின் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர். ஒரு ஆட்டத்தில் இப்படி சுமார் நூறு பந்துகள். ஒவ்வொரு பந்துக்கும் முழங்கையும் தோளும் விலை கொடுக்கின்றன.

பள்ளி முடித்த 2018லேயே கொலராடோ ராக்கீஸ் அவரை டிராஃப்டின் 38வது சுற்றில் எடுத்தது. அவர் போகவில்லை, வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் வருடமே, 2019 ஜூனில், டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் 19 பேரை ஸ்டிரைக்-அவுட் செய்தார். அந்த வருடம் கல்லூரி உலகத் தொடரை வேண்டர்பில்ட் வென்றது. சிறந்த ஆட்டக்காரர் விருது ராக்கருக்கு. 2021ல் 122 இன்னிங்ஸில் 179 ஸ்டிரைக்-அவுட். கல்லூரி மாணவர்களில் இவரளவு பிரபலமானவர்கள் மிகச் சிலரே.

இப்படி ஒரு பையனுக்கு விலை வைப்பது எப்படி? மேஜர் லீக் கிளப்புகளின் ஸ்கவுட்டுகள் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறார்கள். 20லிருந்து 80 வரை ஒரு அளவுகோல். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. வேகப் பந்துக்கு ஒரு மார்க், கடைசி நொடியில் விலகி இறங்கும் ஸ்லைடருக்கு ஒரு மார்க், கட்டுப்பாட்டுக்கு ஒரு மார்க். ராக்கரின் ஸ்லைடர் எல்லோர் நோட்டிலும் உயர்ந்த இடத்தில் இருந்தது. ஆனால் அவரது வேகம் 2021 சீசனில் ஏறி இறங்கியதையும் அதே நோட்டுகள் குறித்துக் கொண்டன.

அந்த ஜூலையில் நியூயார்க் மெட்ஸ் அவரைப் பத்தாவது ஆளாக எடுத்தது. பேசிய தொகை 60 லட்சம் டாலர். அந்த இடத்துக்கு லீக் நிர்ணயித்த மதிப்பு சுமார் 47 லட்சம்தான். பிறகு மருத்துவப் பரிசோதனை. படத்தைப் பார்த்த மெட்ஸ் பின்வாங்கியது. கெடு தேதியான ஆகஸ்ட் 1 வந்தது, போனது, கையெழுத்து இல்லை. பையன் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறான் என்றார் ஏஜென்ட் ஸ்காட் போராஸ். ஆனால் செப்டம்பரில் ராக்கரின் தோளில் சிறிய அறுவை சிகிச்சை நடந்தது பிறகு தெரிய வந்தது.

இதில் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று பார்த்தால் விஷயம் புரியும். கையெழுத்தாகாத தேர்வுக்கு ஈடாக மெட்ஸுக்கு அடுத்த வருட டிராஃப்டில் 11வது இடம் கிடைத்தது. அதாவது, கிளப் இழந்தது ஒரு வருடம். ராக்கர் இழந்தது ஒரு வருடம், ஒரு பெருந்தொகை, அதோடு பெயர். 'தோளில் ஏதோ இருக்கிறதாம்' என்ற பேச்சு ஒரு பிட்சரைச் சுற்ற ஆரம்பித்தால் சுலபத்தில் விலகாது.

அவர் வாயால் பதில் சொல்லவில்லை. 2022ல் டிரை-சிட்டி வேலிகேட்ஸ் என்ற சிறிய அணியில் சேர்ந்தார். மேஜர் லீக் கிளப் எதற்கும் சொந்தமில்லாத ஃபிரான்டியர் லீகில் ஆடும் அணி அது. ஐந்து ஆட்டங்கள், 20 இன்னிங்ஸ், 32 ஸ்டிரைக்-அவுட். ஜூலையில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அவரை மூன்றாவது ஆளாக எடுத்தது. முந்தைய வருடத்தைவிட ஏழு இடம் முன்னால்! ஆனால் தொகை 52 லட்சம். மூன்றாம் இடத்தின் நிர்ணய மதிப்பைவிட இது வெகு குறைவு. மிச்சமான பணம் நான்காவது சுற்றில் எடுத்த இன்னொரு இளம் பிட்சருக்கு 37 லட்சம் கொடுக்க உதவியது. நம்பிக்கையும் தள்ளுபடியும் ஒரே கையெழுத்தில்.

எடுத்தாயிற்று, இனி வளர்க்க வேண்டும். கல்லூரியில் வாரம் ஒரு ஆட்டம். தொழில்முறையில் ஐந்தாறு நாளுக்கு ஒன்று, அதுவும் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை. கல்லூரியில் இரண்டு நல்ல பந்துகள் போதும். மேஜர் லீகில் ஒரே மட்டைக்காரர் மூன்றாம் முறை வரும்போது மூன்றாவது பந்து ஒன்று கைவசம் இருந்தாக வேண்டும். இதையெல்லாம் கற்றுக்கொள்ளத்தான் மைனர் லீகின் ஏணி. ராக்கர் அதில் ஆறு ஆட்டங்கள் ஆடினார். 28 இன்னிங்ஸில் 42 ஸ்டிரைக்-அவுட். 2023 மே மாதம் கை மறுபடி நின்றது. இம்முறை தோள் அல்ல, முழங்கை! உடம்பின் வேறிடத்திலிருந்து தசைநாரை எடுத்து முழங்கையில் பொருத்தும் 'டாமி ஜான்' சிகிச்சை. மெட்ஸ் பயந்தது ஒன்று, உடைந்தது வேறொன்று.

ஸ்கேன் படம் பொய் சொல்லவில்லை. ஆனால் இன்று இருப்பதைத்தான் அது காட்டும், நாளை நடப்பதை அல்ல. 2001 டிராஃப்டில் இரண்டாவதாக எடுக்கப்பட்ட மார்க் பிரையரின் எறிமுறை குறையே இல்லாதது என்று புகழப்பட்டது. 2003ல் சிகாகோ கப்ஸுக்கு 18 வெற்றி. 2006ல், 25 வயதில், கடைசி மேஜர் லீக் ஆட்டம். ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் 2009ன் முதல் தேர்வு. 2010ல் முழங்கை போனது. 2012ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அவரை 159 இன்னிங்ஸோடு நிறுத்தி, பிளே-ஆஃபில் கூட இறக்காமல் காத்தது. 2019ல் உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரரானார். 24.5 கோடி டாலருக்குப் புது ஒப்பந்தம் போட்டார். அதன் பிறகு எட்டே ஆட்டங்கள்! ஒருவரைக் காப்பாற்றவில்லை, இன்னொருவரைக் காப்பாற்றினார்கள். இருவர் கையும் நிற்கவே செய்தது.

ராக்கர் மேஜர் லீகை எட்டியது 2024 செப்டம்பர் 12ல், சியாட்டிலில். நான்கு இன்னிங்ஸ், ஏழு ஸ்டிரைக்-அவுட், ஒரு ரன். 2025 அப்படி அமையவில்லை. தோள் தொல்லையால் சில வாரங்கள் ஓய்வு. ஒன்பது இன்னிங்ஸுக்கு ஐந்து ரன்னுக்கு மேல் சராசரி. ஆகஸ்டில் மறுபடி மைனர் லீக். கல்லூரித் தோழர் ஜாக் லைட்டர், அதே ரேஞ்சர்ஸ் 2021ல் 79 லட்சம் கொடுத்து எடுத்தவர், 2024ல் எட்டுக்கு மேல் சராசரியோடு தடுமாறினார். 2025ல் அதை நாலுக்குக் கீழே கொண்டுவந்து பத்து ஆட்டங்கள் வென்றார். மெட்ஸ் செய்தது சரி என்பவர்களுக்கும் தவறு என்பவர்களுக்கும் வேண்டிய ஆதாரம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

வழக்கின் நிலையான பலன் வேறு. ராக்கர் 2021ல் டிராஃப்டுக்கு முன்பான ஸ்கேனுக்குப் போகாததால், குறைந்தபட்சத் தொகை கூடக் கொடுக்க வேண்டிய கட்டாயம் மெட்ஸுக்கு இருக்கவில்லை. 2022ல் கிளப்புகளும் ஆட்டக்காரர் சங்கமும் செய்த ஒப்பந்தம் விதியை இறுக்கியது. முன்கூட்டியே பரிசோதனைக்கு உட்படும் ஆட்டக்காரருக்கு, எடுக்கும் கிளப் நிர்ணய மதிப்பில் 75 சதவீதமாவது தர முன்வர வேண்டும். தோளைப் பற்றிய சந்தேகம் எல்லோருக்கும் பொது என்றால், அதன் செலவை 21 வயதுப் பையன் மட்டும் சுமப்பது எந்த நியாயம்? அந்த விதி அதற்கு அரைகுறையாகவாவது பதில் சொல்கிறது. ராக்கருக்கு அது ஒரு வருடம் தாமதம்.