ஒயர் வாங்காதே என்று உபதேசம் செய்பவர்களுக்கு

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பீரோ மேல் ஒரு கட்டைப்பை, கட்டிலுக்கு அடியில் இன்னொன்று. உள்ளே பச்சை, மஞ்சள், மெரூன் என்று கூடை பின்னுகிற ஒயர். பாதிக்கு மேல் பிரிக்கவே படாத கட்டுகள். "இருக்கறத முடிக்காம இன்னும் எதுக்கு?" என்று கேள்வி வருகிறது. இனிமேல் வாங்குவதே இல்லை என்று அந்த அக்காவும் சபதம் போடுகிறார். அடுத்த வாரம் கடைவீதிக்குப் பூ வாங்கப் போனவர் திரும்பி வரும்போது கையில் இரண்டு கட்டு ஒயர்!

தமிழ்நாட்டில் கூடை பின்னும் பெண்கள் உள்ள எந்த ஊருக்கும் இது பொருந்தும். (ஆண்கள் சிரிக்கும் முன்பு, புத்தகக் கண்காட்சியில் வாங்கிப் பிரிக்காமலே வைத்திருப்பதை ஒருமுறை எண்ணிவிடவும்.)

இதற்கு எல்லாரும் எடுத்து நீட்டுகிற மருந்து ஒன்றே ஒன்றுதான். கையை அடக்கு, மனசைக் கட்டுப்படுத்து. சுத்த டுபாக்கூர் மருந்து இது.

முதலில், உபதேசம் செய்பவர்கள் யாராவது ஒரு கூடையாவது பின்னியிருக்கிறார்களா? அடிப்பாகத்துக்கு ஒயரை அளந்து வெட்டும்போதே வில்லங்கம் ஆரம்பித்துவிடும். கொஞ்சம் குறைத்து வெட்டினால் மேலே வரும்போது இழுக்காது. அதே நிறத்தில் வாங்கலாம் என்று கடைக்குப் போனால், அடுத்த சரக்கில் வந்த பச்சை வேறு பச்சையாக இருக்கும். பக்கத்தில் வைத்தால் பல்லிளிக்கும். அதனால் விவரம் தெரிந்தவர் முதலிலேயே ஒரு கட்டு கூடுதலாக வாங்குவார். கூடை முடிந்ததும் அது மிஞ்சும். மிச்சப் பச்சை மட்டும் ஒரு கூடைக்குப் போதாது. ஜோடிக்கு ஒரு மஞ்சள் வேண்டும். மஞ்சளிலும் மிஞ்சும். சிவன் கண் கூடைக்கு வாங்கியதன் மிச்சம் நெல்லிக்காய்க் கூடைக்கு இழுக்கும், அதன் மிச்சம் பிஸ்கட் கூடைக்கு. வேலையின் கணக்கே இப்படி இருக்கும்போது இதில் பாதியை ஆசை என்று எப்படிச் சொல்வது?

மீதிப் பாதி ஆசைதான், மறுக்க வேண்டாம். அது கருணாபுரத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. வெளிநாடுகளில் கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்னுபவர்கள் இந்தக் குவியலுக்கு ஸ்டாஷ் என்று பேரே வைத்திருக்கிறார்கள். ஆயுள் முழுக்கப் பின்னினாலும் தீராத அளவுக்குச் சேர்ந்துவிட்டால் அதற்கும் ஒரு கேலிப் பெயர் உண்டு. 2007-ல் தொடங்கிய ராவெல்ரி என்ற இணையதளத்தில், வாங்கி வைத்திருக்கும் நூலைப் பட்டியல் போட்டு வைக்கத் தனி இடமே இருக்கிறது. அங்கே அது பொழுதுபோக்கு. இங்கே பத்து ரூபாய் எண்ணிச் செலவழிக்கிற வீட்டில் அதே காரியம் "ஊதாரித்தனம்".

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒயர் ஏன் தேங்குகிறது? பின்னிய கூடையை வாங்க ஆள் இல்லை. அவ்வளவுதான். வாங்குவதற்கு ஊருக்கு நாலு கடை. கற்றுக்கொள்ள யூடியூப். "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" என்று ஆசை காட்ட ஆயிரம் பேர். முடித்த கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று சொல்ல மட்டும் ஒருவரும் கிடையாது. அக்கம்பக்கத்தில் நாலு பேருக்கு விற்றாகிவிட்டது. சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுத்தாகிவிட்டது. கூடையோ வருஷக்கணக்கில் கிழியாது, அவர்கள் மறுபடி கேட்கப்போவதும் இல்லை. அப்புறம் இந்தத் தொழிலில் மிச்சமிருக்கும் ஒரே சந்தோஷம் புது நிறத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பதுதான். அதையும் பறிக்கத்தான் இத்தனை உபதேசமா?

ஆள் இருந்தால் நூல் தேங்காது என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 2016 ஜனவரியில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்ற பெண்கள் குழு சென்னையில் 11,148.5 சதுர மீட்டருக்குக் குரோஷா போர்வை பின்னிக் கின்னஸ் சாதனை செய்தது. எத்தனை வீட்டு நூல் அதில் கரைந்திருக்கும்! துண்டுகளை அனுப்ப ஒரு முகவரி இருந்தது, ஒரு தேதி இருந்தது. பிற்பாடு அவை தேவைப்பட்டவர்களுக்குப் போர்வையாகப் போய்ச் சேர்ந்தன. இன்னும் எளிய உதாரணம் வேண்டுமா? மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள். அரசின் விலையில்லாப் பள்ளிச் சீருடையை அங்கே உள்ள பெண்கள் தைக்கிறார்கள். துணி வருகிறது, அளவு வருகிறது, சட்டையாகத் திரும்பிப் போகிறது. அவர்களில் யாரையாவது "துணி வாங்கிக் குவிக்கிறாள்" என்று யாரும் திட்டியதுண்டா?

கருணாபுரத்தைச் சொன்னது காரணமாகத்தான். 2024 ஜூனில் அங்கும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அப்போதும் "ஏன் குடித்தார்கள்" என்ற உபதேசம் வந்தது. ஆனால் அரசு அந்த மாத முடிவுக்குள் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, விற்பவர்களுக்கான தண்டனையைக் கூட்டியது. அதாவது, வாங்குகிறவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை என்பது அரசுக்கே தெரியும். (சாராயத்தையும் ஒயரையும் ஒரே தராசில் வைக்கவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.) இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். பணம் ஒருநாள் தீரும். அதற்குப் பிறகு கைவேலையை நம்பித்தான் பல பெண்கள் நிற்க வேண்டும். வாரத் தவணை லோன் போட்டுக் கச்சாப்பொருள் வாங்கிக் கூடை விற்காமல் போனால், அது கட்டிலடிச் சமாச்சாரமாக முடியாது. கடன் வசூல் அராஜகத்தைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

ஒயரும் பிளாஸ்டிக்தானே என்பார்கள். ஆமாம். ஆனால் ஒரே ஒருதரம் உபயோகித்து எறிகிற கேரி பையும், பத்து வருஷம் காய்கறி சுமக்கிற கூடையும் ஒன்றா? ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை. மஞ்சப்பைக்கு இடம் கொடுத்தவர்கள் கூடைக்கும் கொஞ்சம் இடம் கொடுக்கலாமே?

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அரசு விழா என்றால் மேடையில் பொன்னாடை. போர்த்திய அடுத்த நிமிடம் அது உதவியாளர் கைக்குப் போகும், அப்புறம் எங்கே போகிறதோ. ஒரே ஒரு வருஷம், பொன்னாடைக்குப் பதில் உள்ளூர்ப் பெண்கள் பின்னிய கூடைதான் என்று ஆர்டர் போட்டுப் பாருங்கள். அப்புறம் வந்து அந்த அக்காவின் கட்டிலடியில் எத்தனை கட்டு இருக்கிறது என்று எண்ணலாம்.