வில்லி நெல்சனின் சட்டியில் இருந்தது

வில்லி நெல்சனின் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' ஆல்பத்துக்கு ஒரு தலபுராணம் உண்டு. அமெரிக்கக் கன்ட்ரி இசையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறவர்கூட அதை ஒருமுறை ஓதிவிட்டுத்தான் அடுத்த விஷயத்துக்குப் போவார். நாஷ்வில் இசைக் கம்பெனிகளின் பகட்டு பிடிக்காத ஒரு கலைஞன் டெக்சாஸுக்குத் திரும்புகிறான். 1975 ஜனவரியில், கார்லண்ட் என்ற ஊரின் சின்ன ஸ்டுடியோவில், மிகக் குறைந்த செலவில், சில நாட்களில் ஒரு ஆல்பத்தைப் பதிவு செய்கிறான். கொலம்பியா கம்பெனி நிர்வாகிகள் அதைக் கேட்டுவிட்டு, இது வெறும் மாதிரிப் பதிவு என்று முகம் சுளிக்கிறார்கள். அவன் எதையும் மாற்ற மறுக்கிறான். மே மாதம் வெளிவந்த ஆல்பம் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடிக்கிறது. ஆகவே, கம்பெனிக்காரன் குறுக்கே வராமலிருந்தால் கலை தானாக மலரும்.

இந்தப் புராணத்தில் வரும் சம்பவங்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. கடைசியில் வரும் அந்த 'ஆகவே'தான் சிக்கல். அதைத் தாங்கி நிற்கும் வாதங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம்.

முதல் வாதம்: நெல்சன் நாஷ்வில்லை உதறிவிட்டு வந்ததால்தான் இந்த ஆல்பம் பிறந்தது. அப்படியானால் அதன் பாட்டுகளை எழுதியவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். ஆல்பத்தை வீடுவீடாகக் கொண்டுசேர்த்த பாட்டு 'புளூ ஐஸ் க்ரையிங் இன் தி ரெயின்'. 1975 அக்டோபரில் கன்ட்ரி பட்டியலின் உச்சிக்குப் போன அந்தப் பாட்டுதான் பாடகராக நெல்சனுக்குக் கிடைத்த முதல் முதலிடம். அது அவர் எழுதியதில்லை. எழுதியவர் ஃபிரெட் ரோஸ். 1942-ல் ராய் அகஃபோடு சேர்ந்து நாஷ்வில்லில் அகஃப்-ரோஸ் பாடல் பதிப்பகத்தைத் தொடங்கியவர். அந்த ஊர் பாட்டுத் தொழிலின் தலைநகரானதற்குக் கால்கோள் இட்டவர்களில் ஒருவர். 1961-ல் கன்ட்ரி இசையின் புகழ்மண்டபம் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட மூவரில் அவரும் உண்டு. நாஷ்வில் என்ற கட்டடத்தின் அஸ்திவாரக் கல்லையே பெயர்த்து வந்து தன் வீட்டு வாசற்படியாகப் போட்டுக்கொண்டவரை, நாஷ்வில்லை உதறியவர் என்பது எப்படிப் பொருந்தும்?

அந்தப் பாட்டோடு முடியவில்லை. 'கேன் ஐ ஸ்லீப் இன் யுவர் ஆர்ம்ஸ்' பாட்டை எழுதிய ஹாங்க் காக்ரன், 1960-ல் வேலை தேடி நாஷ்வில் வந்த நெல்சனுக்குப் பேம்பர் மியூசிக் கம்பெனியில் பாட்டெழுதும் வேலை வாங்கித் தந்தவர். இன்னொரு பாட்டு எடி ஆர்னால்டும் வாலி ஃபௌலரும் எழுதியது. தலைப்புப் பாட்டுகூட எடித் லின்டமன், கார்ல் ஸ்டட்ஸ் என்ற இருவர் 1950-களில் எழுதியது. நெல்சன் ஃபோர்ட் வொர்த் வானொலியில் அறிவிப்பாளராக இருந்த நாட்களில் ஒலிபரப்பி, பிள்ளைகளைத் தூங்கவைக்கவும் பாடியது. இவற்றுக்கு நடுவே ஒரு தேவாலயப் பாட்டு, ஒரு மெக்சிகோ வால்ட்ஸ். ஆல்பத்தில் பாதிக்கு மேல் பிறர் சரக்கு. நெல்சனின் திறமை அவற்றைக் கோத்த நூலில் இருக்கிறது. அந்த நூல் திரிக்கும் வேலையை அவர் எங்கே கற்றார் என்பதுதான் கேள்வி.

இரண்டாவது வாதம் அதற்குத் தவறான பதிலைச் சொல்கிறது: பதினைந்து ஆண்டுகள் அவரை அடையாளம் காணாமல் முடக்கிப்போட்டார்கள், விடுதலை கிடைத்ததும் மேதைமை வெடித்தது என்று. இதில் ஒரு பாதி உண்மை. 1960-களின் நடுவில் அவர் ஆர்.சி.ஏ. கம்பெனிக்குப் போனபின், தாளத்துக்குச் சற்று முந்தியும் பிந்தியும் பாடும் அவர் குரலின்மேல் வயலின் கூட்டத்தையும் கோரஸையும் கொட்டி மூடினார்கள். அந்த ரெக்கார்டுகள் பெரிதாக விற்கவில்லை.

ஆனால் அதே ஊரில்தான் 1961-ல் பாட்ஸி க்ளைன் அவருடைய 'க்ரேஸி'யைப் பாடினார். ஃபேரன் யங் 'ஹலோ வால்ஸ்' பாடினார். அங்கிருந்த காலத்தில் அவர் எழுதிய பாட்டுகள் வேறு பாடகர்களுக்குச் சோறு போட்டன, அவருக்கும் போட்டன. ஒரே கதையை ஆல்பம் முழுக்க ஓடவிடும் உத்தியும் 1975-ல் கார்லண்டில் முளைத்ததில்லை. ஒரு மனிதனின் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பின்தொடரும் 'யெஸ்டர்டேஸ் வைன்' 1971-லேயே வந்தது. வெளியிட்டது அதே ஆர்.சி.ஏ., பதிவானது அதே நாஷ்வில். 1974-ல் அட்லான்டிக் கம்பெனிக்காக அலபாமாவின் மஸில் ஷோல்ஸில் பதிவு செய்த 'ஃபேஸஸ் அண்டு ஸ்டேஜஸ்' ஆல்பத்தில், ஒரு சிறு பல்லவி பாட்டுகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப வந்து கதையை முடிச்சுப் போடும். 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' ஆல்பத்தில் கதைநாயகனான போதகரைப் பற்றிய பல்லவி செய்யும் வேலையும் அதேதான். இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிட்டு மூன்றாவது முறை மேடையேறியவரைப் பார்த்து, பயிற்சி இல்லாமலே வெடித்த மேதை என்கிறோம்.

மூன்றாவது வாதத்தை ரசிகர்கள் பாராட்டாகவே சொல்கிறார்கள்: இது பட்டை தீட்டாத, பச்சையான ஆல்பம். கேலி செய்த நிர்வாகிகளும் இதையேதான் சொன்னார்கள். இரு தரப்பும் ஒரே தவறைச் செய்கின்றன. கேட்டுப் பாருங்கள். நெல்சனின் நைலான் தந்திக் கிட்டார் ஒரு வாக்கியம் பேசி நிறுத்தும் இடத்தில் அக்கா பாபியின் பியானோ அடியெடுத்து வைக்கிறது. மிக்கி ராஃபேலின் மவுத் ஆர்கன் வெகுநேரம் காத்திருந்து, பெருமூச்சுபோல் ஒருமுறை வந்து போகிறது. பால் இங்கிலீஷின் டிரம் பல இடங்களில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஆண்டுக்கணக்கில் ஒரே பேருந்தில் ஊர் ஊராகப் போய், இரவு இரவாகச் சேர்ந்து வாசித்தவர்களுக்குத்தான் இப்படிச் சும்மா இருக்கத் தெரியும். செலவு குறைந்தது உண்மை. ஸ்டுடியோ வாடகைதான் குறைந்தது. ஒத்திகைக்கான விலையைச் சாலையிலேயே கட்டியிருந்தார்கள்.

நான்காவது வாதம், கம்பெனி எதிரி என்பது. அட்லான்டிக் தன் கன்ட்ரிப் பிரிவை 1974-ல் மூடியபோது நெல்சனைச் சேர்த்துக்கொண்டது கொலம்பியாதான். கலை சம்பந்தமான முடிவெல்லாம் அவருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்ததும் அவர்களே. நிர்வாகிகள் முனகினார்கள், ஆனால் முனகியபடியே, கொடுத்த வாக்கின்படி, அவர் தந்ததை அப்படியே வெளியிட்டார்கள். 'புளூ ஐஸ்' பாட்டைத் தனி ரெக்கார்டாக வானொலி நிலையங்களுக்கு அனுப்பியதும், ஆல்பத்தை நாடெங்கும் கடைகளில் அடுக்கியதும் அந்தக் கம்பெனியின் கைகளே. அவரைக் காப்பாற்றியது நன்றாக எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தம். கலகக் கதையில் கவிதை அதிகம் என்பதால் அந்தக் காகிதம் யார் கண்ணிலும் படுவதில்லை. இளம் பாடகர் யாராவது இந்த ஆல்பத்திலிருந்து பாடம் படிக்க வேண்டுமானால், குதிரையும் தொப்பியும் வாங்குவதற்கு முன் நல்ல வக்கீல் ஒருவரைப் பார்க்கட்டும்.

ஐந்தாவது வாதத்தை மறுக்கத்தான் எனக்கே கொஞ்சம் மனம் வலிக்கிறது: எளிமையாகச் சொன்னதால் கதை உண்மையாக இருக்கிறது என்பது. கதை இதுதான். தன்னை விட்டுப் போன மனைவியையும் அவள் காதலனையும் ஒரு போதகர் சுட்டுக் கொல்கிறார். பிறகு, மனைவியின் குதிரையைத் தொட வந்த இன்னொரு பெண்ணையும் கொல்கிறார். பாட்டு அதற்குக் கண்டனம் சொல்வதில்லை. குதிரை திருட வந்தவள்தானே என்று நியாயம்கூடக் கற்பிக்கிறது. கடைசியில் அவருக்கு அமைதி கிடைக்கிறது. செத்த இரண்டு பெண்களும் தங்கள் வாயால் பேச ஆல்பத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. மெல்லிய கிட்டாரும் கனிந்த குரலும் சேர்ந்து நம்மை இந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் தாலாட்டிவிடுகின்றன. ஓராண்டுக்கு முன் 'ஃபேஸஸ் அண்டு ஸ்டேஜஸ்' ஆல்பத்தில் ஒரு மணமுறிவைச் சொன்னபோது, ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுவதையும் அந்தப் பெண்ணின் வாய்க்கே கொடுத்தவர் இதே நெல்சன். கதை சொல்லியாக அவர் அங்கே நின்ற உயரம் இங்கே இல்லை. எளிமை ஒரு நடை. அதை வைத்து ஒரு கதையின் உண்மைக்குச் சான்றிதழ் எழுத முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் இது பெரிய ஆல்பம்தான். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2010-ல் இதைப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்ததில் எனக்கு மறுப்பில்லை. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே அகப்பை சின்னது. சட்டியில் பதினைந்து ஆண்டுச் சமையல் கிடந்தது.

புராணத்தை நம்புகிறவர்கள் 1978-க்கு வரும்போது தடுமாறுவார்கள். அந்த ஆண்டு நெல்சன் 'ஸ்டார்டஸ்ட்' வெளியிட்டார்: சினிமாக்காரர்களும் நாடகக்காரர்களும் பாடித் தேய்ந்த பழைய பாட்டுகள், தயாரிப்பாளராக மெம்ஃபிஸ் சோல் இசையின் புக்கர் டி. ஜோன்ஸ், பின்னணியில் வயலின் கூட்டம். ஆமாம், எதை உதறிவிட்டு வந்ததாகச் சொன்னார்களோ அதே வயலின்கள். இந்தமுறை எங்கே வர வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.