கத்தியில் ஆபத்தான பகுதி எது?

கேள்வியைப் பார்த்ததும் சிரிப்பு வரும். கூர்முனைதான், வேறென்ன? நானும் போன வருடம் வரை அப்படித்தான் சொல்லியிருப்பேன். இப்போது கேட்டால், "கைப்பிடி எதில் செய்தது?" என்று திருப்பிக் கேட்பேன். கல்லில் செய்தது என்றால் என் பதில் கைப்பிடிதான். அதைப் பிடிப்பவருக்கு அல்ல, அதைச் செய்தவருக்கு.

கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வீட்டில் தாத்தாவின் பழைய பேனாக்கத்தி ஒன்று இருக்கிறது. விரல் நீளம்தான் அலகு. அவர் போன பிறகு ஆயா அதை வைத்து மாங்காய் நறுக்குவார், கயிறு அறுப்பார், என் பென்சிலும் சீவித் தந்திருக்கிறார். ஒருநாள் கீழே விழுந்து பிளாஸ்டிக் பிடி இரண்டாக உடைந்துவிட்டது. "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு" என்றார் அம்மா. எனக்கு மனசு வரவில்லை. வேறு பிடி போடுவது எப்படி என்று யூட்யூபில் தேடியபோதுதான் கல் பிடி போட்ட மடக்குக்கத்திகளைப் பார்த்தேன்.

பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு தனி அழகு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ, அரிசோனா பக்கம் நீல நிற டர்க்காய்ஸ் கல்லைத் துண்டு துண்டாகப் பதித்துச் செய்கிறார்கள். கோடு கோடான அகேட், சிவப்பு ஜாஸ்பர், பூனைக்கண் மாதிரி மின்னும் டைகர் ஐ, கருநீல லேப்பிஸ் லசூலி... ஒவ்வொன்றும் ஒரு நிறம். மரம் மாதிரி ஊறாது, கொம்பு மாதிரி பூச்சி அரிக்காது. கையில் எடுத்தால் குளிர்ச்சியாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் உள்ளங்கைச் சூட்டை வாங்கிக்கொள்ளும்.

செய்முறையும் கேட்பதற்கு எளிதுதான். மடக்குக்கத்தியைப் பிரித்தால் உள்ளே அலகு, அதை இழுத்துப் பிடிக்கும் முதுகு ஸ்பிரிங், இரண்டு பக்கமும் பித்தளை அல்லது எஃகுத் தகடு. நாம் பிடி என்று சொல்வது அந்தத் தகடுகளின் மேல் ஒட்டியிருக்கும் இரண்டு சில்லுகளைத்தான். கல் பிடி என்றால் மூன்று, நான்கு மில்லிமீட்டர் கனத்தில் கல்லை அறுத்து, தகட்டைச் சொரசொரப்பாக்கி, அரால்டைட் போன்ற எபாக்சி பசையில் ஒட்டுவார்கள். மரப்பிடிக்குச் செய்வது போல ரிவிட் அடித்து இறுக்க முடியாது, முதல் அடியிலேயே கல் விரிசல் விடும். ஓட்டை வேண்டுமானால் வைரத்தூள் பதித்த துளைப்பானால் தண்ணீருக்குள் வைத்துப் போட வேண்டும். ஒட்டிய பிறகு வடிவத்துக்குத் தேய்க்க வேண்டும். 100, 220, 400, 600 என்று எண் ஏற ஏறத் தாள் நைசாகிக்கொண்டே போகும். கடைசியில் சீரியம் ஆக்சைடு பொடியைக் குழைத்துத் தோலில் தேய்த்தால் கண்ணாடி போலப் பளபளப்பு.

இந்தத் "தேய்க்க வேண்டும்" என்ற ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் பார்த்த வீடியோக்களில் பாதிக்கு மேல் உலர்வாகத் தேய்ப்பவைதான். வெள்ளைப் புகை போலத் தூள் கிளம்புகிறது, பின்னணியில் இசை ஓடுகிறது, அடுத்த காட்சியில் பளபளக்கும் கத்தி. நானும் அதையே செய்தேன். பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிற இடத்தில் கிடந்த சிவப்பு கிரானைட் துண்டு ஒன்றை எடுத்து வந்தேன். கட்டிங் மெஷினை இரவல் வாங்கி, கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அறுத்தேன். மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தேன் (ஏதோ பெரிய பாதுகாப்பு என்று நினைப்பு!).

சித்தப்பா வந்து பார்த்தார். அவர் டைல்ஸ், கிரானைட் வேலை செய்பவர். மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார்.

"தண்ணி ஊத்தாம கல்லறுக்கச் சொல்லி யாருடா சொல்லிக் கொடுத்தா?"

"ஒரு சின்னத் துண்டுதானே சித்தப்பா..."

"எங்க கூட வேலை பாத்த ரெண்டு பேரும் அப்படித்தாண்டா சொன்னாங்க. இப்ப மாடிப்படி ஏற முடியல அவங்களால."

அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். தேடத் தேட வயிற்றைக் கலக்கியது.

விஷயம் இதுதான். அகேட், ஜாஸ்பர், டைகர் ஐ எல்லாமே குவார்ட்ஸ் குடும்பம், அதாவது படிக வடிவ சிலிக்கா. கிரானைட்டிலும் ஏறக்குறைய கால் பங்கு அதுதான். இதை அரைக்கும்போது கண்ணுக்குத் தெரிகிற தூள் பெரிய பிரச்சினை இல்லை, அது மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும். கண்ணுக்கே தெரியாத, சில மைக்ரான் அளவுள்ள துகள்தான் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகிறது. அங்கே அதை விழுங்கவரும் காவல் செல்கள் அதை ஜீரணிக்க முடியாமல் செத்துப்போகின்றன. அந்த இடம் தழும்பாகிறது. தழும்பு விழுந்த நுரையீரல் விரியாது. இதற்குப் பெயர் சிலிக்கோசிஸ். தழும்பை அழிக்க மருந்து கிடையாது. காசநோய் எளிதில் தொற்றிக்கொள்ளும். தொழிலிடங்களில் சுவாசிக்கும் படிக சிலிக்காவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1997-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்துவிட்டது.

"இயற்கைக் கல்தானே, கெமிக்கல் எதுவும் இல்லையே" என்று என் வகுப்பு நண்பன் ஒருவன் கேட்டான். இயற்கையானது எல்லாம் நல்லது என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் வேறு. கத்தித் தொழிலுக்கு இது புதிய பாடமே இல்லை! இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் கத்திக்குப் பேர் போனது. அந்தக் காலத்தில் அங்கே சாணைச் சக்கரங்கள் மணற்பாறையில் செய்தவை, அதாவது அதே குவார்ட்ஸ். முள்கரண்டி போன்றவற்றை உலர்ந்த சக்கரத்திலும், கத்திகள் பலவற்றை ஈரச் சக்கரத்திலும் தீட்டினார்கள். டாக்டர் ஆர்னால்டு நைட் என்பவர் 1830-ல் 'சாணைக்காரர் ஆஸ்துமா' பற்றி எழுதினார். 1845-ல் எங்கெல்ஸ் தன் புத்தகத்தில் ஒரு கணக்குச் சொல்கிறார்: உலர்வாகத் தீட்டுபவர்களின் சராசரி ஆயுள் 35 வயதை எட்டுவதே அரிது, ஈரத்தில் தீட்டுபவர்களின் சராசரி ஆயுள் 45-ஐத் தாண்டுவது அரிது.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தண்ணீர் மட்டும் பத்து வருட ஆயுளைக் கொடுத்திருக்கிறது. அதே சமயம், தண்ணீர் மட்டும் போதவும் இல்லை. இன்னொரு கொடுமை, தூசியைத் தடுக்கும் கருவிகள் வந்தபோது தொழிலாளர்களில் சிலரே அதை எதிர்த்தார்களாம். வேலை பாதுகாப்பானால் நிறையப் பேர் வந்துவிடுவார்கள், கூலி குறைந்துவிடும் என்ற பயம்! நுரையீரலை விற்றுத்தான் கூலி வாங்கியிருக்கிறார்கள்.

அது அந்தக் காலம், வெளிநாடு என்று விட்டுவிட முடியாது. குஜராத்தில் கம்பாத் என்று ஒரு ஊர். அகேட் கல் வேலைக்குப் பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்றது. மணிகள், கிண்ணங்கள், கத்திப் பிடிகள், குத்துவாள் பிடிகள் என்று அங்கிருந்து கப்பலேறிப் போயிருக்கின்றன. நம் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த சூதுபவள மணிகளுக்கான கல்கூட குஜராத் பகுதியிலிருந்து வந்திருக்கும் என்றுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவ்வளவு பழைய கைத்தொழில். அதே கம்பாத்தில் இன்றும் கல் தேய்ப்பவர்களிடம் சிலிக்கோசிஸ் இருக்கிறது. அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாக அதை ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறது. பலருக்கு வீடேதான் பட்டறை. மோட்டாரில் சுழலும் எமரிச் சக்கரத்தில் அப்பா தேய்க்கும்போது குழந்தை பக்கத்தில் விளையாடும். கல்லையே தொடாத பக்கத்து வீட்டுக்காரரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார். வீட்டில் நடக்கும் வேலை என்பதால் தொழிற்சாலைச் சட்டமும் வாசலோடு நின்றுவிடுகிறது.

இன்று விற்கிற கல் பிடிகள் எல்லாம் கம்பாத்திலிருந்து வருகின்றன என்று நான் சொல்லவில்லை. எந்த ஊரிலிருந்து வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் என்கிறேன்: இதைத் தேய்க்கும்போது தண்ணீர் ஓடியதா?

சரி, அப்படியானால் கல் பிடியே வேண்டாமா? "உயிரை விட அழகு முக்கியமா, விட்டுத் தொலை" என்று சொல்பவர்கள் உண்டு. ஆஸ்திரேலியா அப்படி ஒரு முடிவை எடுத்தது. சமையல் மேடைக்குப் போடும் செயற்கைக் கல் பலகையில் சிலிக்கா 90 சதவீதத்துக்கும் மேல் இருக்கலாம். அதை அறுத்த இளைஞர்களுக்கு நோய் வந்ததைப் பார்த்து, 2024 ஜூலை 1 முதல் அதற்குத் தடையே போட்டுவிட்டார்கள். ஆயிரக்கணக்கான பட்டறைகளில் தினமும் அறுக்கிற பொருளுக்கு அது சரியான முடிவு என்பதே என் எண்ணம். ஆனால் ஒரு கத்திப் பிடி என்பது உள்ளங்கைக்குள் அடங்குகிற வேலை. அதை முழுக்க முழுக்கத் தண்ணீரிலேயே செய்துவிடலாம். விட்டுவிட வேண்டியது கல்லை அல்ல, அவசரத்தை.

என் கத்தியை அப்படித்தான் முடித்தேன். சித்தப்பா தன் வேலையிடத்தில் தண்ணீர் ஓடும் கட்டரில் இரண்டு சில்லு அறுத்துக் கொடுத்தார். (சாதாரண மெஷினில் நீங்களாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஷாக் அடிக்கும்.) தேய்ந்துபோன பழைய வைர பேடுகளும் கொடுத்தார். மீதி எல்லாம் கைவேலை. ஒரு பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர், அதற்குள் வாட்டர் பேப்பர். கல் ஈரமாகவே இருக்க வேண்டும், சேறு காயவே கூடாது. காய்ந்தால் அது மறுபடியும் அதே தூள்தான். அதனால் முடித்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தேன். போட்டிருந்த சட்டையைத் தனியாக அலசினேன். கொரோனா காலத்தில் வாங்கிய என்95 மாஸ்க் வீட்டில் இருந்தது, அதையும் போட்டுக்கொண்டேன். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் அந்த நுண்துகளை நிறுத்தாது என்பதை இதற்குள் படித்துவிட்டேன்.

வீடியோவில் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை எனக்குப் பதினேழு நாள் ஆனது, தினமும் ஒரு மணி நேரம். வீடியோ போடுபவர்களிடம் நான் கேட்பதும் இதுதான். பளபளப்பைக் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீரையும் காட்டுங்கள். பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு அப்படியே செய்வான். நானே செய்தேன். விற்பவர்களிடமும் கேட்போம். "எந்தக் கல், என்ன விலை" என்று கேட்கிற நாம் "ஈரத்தில் தேய்த்ததா, உலர்வாகத் தேய்த்ததா" என்றும் கேட்டால், நாலு பேர் கேட்ட பிறகாவது ஒருவர் குழாயைத் திறப்பார்.

என் கத்தியின் பிடி வீடியோவில் வருவது போல மின்னவில்லை. ஒரு பக்கம் லேசாகக் கோணல் வேறு. ஆயாவிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கனமா இருக்குடா" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு மாங்காயை எடுத்து வந்தார்.