ஜமுக்காளமும் கம்பளமும் வெளுக்கும் முறை

சென்ற திங்கள் இப்பகுதியில் வெண்கலப் பாத்திரங்களைப் பற்றி எழுதியிருந்ததைக் கண்டு, அல்சூரிலிருந்து சகோதரியார் ஒருவர் ஒரு கேள்வி விடுத்திருக்கிறார். திருமணத்தின்போது தாய்வீட்டார் அளித்த பவானி ஜமுக்காளம் ஒன்று அவர் வீட்டுப் பரண்மேல் பல ஆண்டுகளாகச் சுருண்டு கிடக்கிறதாம். இப்பொழுது எடுத்தால் பூஞ்சை நாற்றம் வீசுகிறது. சலவை இயந்திரத்தில் போட்டால் சாயம் கலைந்துவிடும் என்று மகன் தடுக்கிறான். சலவைக் கடைக்காரர் வாங்கிக்கொள்ள மறுக்கிறார். "எறிந்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

எறிய வேண்டுவதில்லை. கையால் நெய்த விரிப்பு, உட்கார்ந்து தேய்ந்து அழிவது அரிது. பரணில் புழுங்கியோ, தவறாக வெளுக்கப்பட்டோ அழிவதே மிகுதி. வெளுப்பதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றே: அது எந்த நூலால் ஆனது? பருத்திக்கு ஏற்றது கம்பளிக்கு ஆகாது. கம்பளி பொறுப்பதைச் செயற்கைப் பட்டு பொறுக்காது.

முதலில் பவானியையே எடுத்துக்கொள்வோம். காவிரியும் பவானியும் கூடும் அவ்வூரில், சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் இறுதியில், சீமைத் துணிகளின் போட்டிக்கு ஈடுகொடுக்க நெசவாளர் சிலர் முரட்டு நூலுக்கு வண்ணமேற்றிப் பட்டை பட்டையாக நெய்யத் தொடங்கினர் என்பது வரலாறு. 2005–06-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், ஜமுக்காளத்தைக் கைத்தறிக்கே உரிய பொருள்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆயினும் விசைத்தறிப் போலிகள் சந்தையில் மலிந்துவிட்டமையால் பவானியில் தறிகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆகவே பரணில் கிடப்பதை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்க எண்ணுவோர், அதே தரத்தில் கிடைக்கும் என்று நம்பியிருத்தல் வேண்டா. வாங்கியே தீரவேண்டுமாயின் கைத்தறி முத்திரை உண்டா என்று பார்த்து வாங்குக.

பவானியில் இருவகை உண்டு. ஒன்று, முழுதும் முரட்டுப் பருத்தி நூலால் ஆன பட்டை ஜமுக்காளம். நாம் பந்தியிலும் பஜனையிலும் விரிப்பது இதுவே. மற்றொன்று, கரையில் பூவும் உருவமும் அமைந்தது. பளபளக்கும் அப்பகுதி பெரும்பாலும் செயற்கைப் பட்டாகும். இந்த வேறுபாட்டை நம் வீடுகளில் யாரும் பொருட்படுத்துவதில்லை. கேடு விளைவதும் இங்கேதான். பருத்தி நனைந்தால் சற்று வலிமை பெறும். செயற்கைப் பட்டோ நனைந்த நிலையில் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழக்கும். காய்ந்தபின்தான் மீண்டும் பெறும். ஈரமாயிருக்கும்போது அதைப் பிரஷ் கொண்டு தேய்த்தாலும் முறுக்கிப் பிழிந்தாலும் பூக்கரை பஞ்சாய்ப் பறந்துவிடும். பின்னர் நெசவாளரைக் குறை கூறிப் பயனில்லை.

இனி முறையைச் சொல்வேன். முதல் வேலை தண்ணீர் அன்று, தூசி. நூலிடுக்கில் தங்கும் நுண்மணல், மிதிக்குந்தோறும் அரம்போல் நூலை அறுக்கிறது. மணலோடு நனைத்தால் சேறாகி உள்ளேயே படியும். ஆதலின் மொட்டை மாடியில் கொடியின்மேல் மடித்துப் போட்டு, பின்புறத்திலிருந்து பிரம்பால் மென்மையாகத் தட்டுக. பழையதாய் இற்றுப் போயிருந்தால் தட்டவும் வேண்டா. தரையில் விரித்து, வலைத்துணி போர்த்தித் தூசியுறிஞ்சியால் இழுத்தால் போதும். பூஞ்சை நாற்றம் வீசுவதை இரண்டு மூன்று நாள் காலை வெயிலில் காட்டி, இருபுறமும் உலர்ந்த பிரஷால் துடைத்தாலே பெரும்பாலும் நாற்றம் நீங்கிவிடும். அவ்வாறு துடைக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்க. இளைப்பு நோய் உள்ளவர்கள் இவ்வேலையை வேறொருவரிடம் விடுதல் நலம்.

அடுத்துச் சாயச் சோதனை. வெள்ளைத் துணித் துண்டொன்றை நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு நிறப் பட்டையின்மேலும் சிறிது நேரம் அழுத்திவைத்துப் பார்க்கவும். சிவப்பையும் கருநீலத்தையும் தவறாது சோதிக்க வேண்டும். துணியில் நிறம் ஏறினால் அந்த விரிப்பை ஊறவைத்தலே கூடாது. ஈரத்துணியால் துடைத்து உடனே காற்றில் உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்க. உப்பு நீரில் போட்டால் சாயம் கெட்டிப்படும் என்று நம் பாட்டிமார் சொல்லுவர். பிரியத் தொடங்கிவிட்ட சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. பாட்டிமார் மற்றவற்றில் சரியாகவே சொன்னார்கள்.

சாயம் நின்றால் துவைக்கலாம். பெங்களூரில் தண்ணீரைப் பற்றி இரண்டு செய்தி. ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல பகுதிகளில் கடினநீர். அதில் கட்டிச் சோப்பைக் கரைத்தால் நுரைக்குப் பதில் வெள்ளைப் பிசின்போல் ஒன்று திரண்டு நூலில் ஒட்டும். விரிப்பு காய்ந்தபின் விறைப்பாய் நிற்பதன் காரணம் அதுவே. பூந்திக்கொட்டை ஊறிய நீரோ, காரமற்ற திரவச் சோப்போ இந்தத் தொல்லை தராது. இரண்டாவது, நீரின் அருமை. 2024 மார்ச்சு மாதத் தட்டுப்பாட்டின்போது குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அதை மறந்தவர் நம்மில் இலர். குழாயைத் திறந்துவிட்டுத் துவைப்பது இந்நகரில் நாணத்தக்க செயல். மூன்றடிக்கு ஆறடி ஜமுக்காளத்துக்கு நான்கு வாளி நீர் தாராளம். (நமக்குக் குழாயில் வரும் காவிரி, ஏற்றிக்கொண்டது போக மீதி கீழே இறங்கிப் பவானிக் கூடுதுறையைத் தொடுகிறது. ஜமுக்காளம் தன் ஊராற்று நீரிலேயே குளிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.)

சற்றே சாய்ந்த தரையில் விரித்து, ஒரு வாளிக் குளிர்ந்த நீரில் ஒரு கரண்டி திரவச் சோப்புக் கலந்து, கடற்பஞ்சாலோ மென்மையான பிரஷாலோ பட்டை ஓடும் போக்கிலேயே துடைக்கவும். பூக்கரையைக் கையால் ஒற்றி எடுத்தால் போதும். மற்ற மூன்று வாளிகளையும் மேலிருந்து கீழாக ஊற்றி அலசுக. பிழிதல் கூடாது. பழைய வேட்டிகளை மேலே பரப்பிப் பாயைப்போல் சுருட்டி அழுத்தினால் ஈரம் வேட்டிக்கு ஏறிவிடும். நனைந்த ஜமுக்காளம் மிகவும் கனக்கும். ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் நடுவில் இழுபட்டுக் கோணும். இரண்டு கொடிகளின்மேல் பரப்புக, அல்லது கயிற்றுக் கட்டிலின்மேல் விரிக்க. கடும் நண்பகல் வெயில் வேண்டா. இவ்வூர் வெயில் உடம்பில் சுடாததுபோல் தோன்றினாலும் நிறத்தை வெளிறச் செய்யும். ஜனவரி முதல் மார்ச்சு வரை இவ்வேலைக்கு ஏற்ற காலம். ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை மழை விட்டுவிட்டு வரும் ஊரில் அப்பொழுது துவைப்பது, பூஞ்சையை விருந்துக்கு அழைப்பதாகும்.

கறைகளில் மஞ்சள் ஒன்றைப் பற்றியே பலரும் கலங்குகின்றனர். மஞ்சள் கறைமேல் சோப்புப் பட்டவுடன் அது சிவக்கும். காரம் பட்டால் மஞ்சளின் இயல்பு அது. அஞ்சித் தேய்க்காமல் வெறும் நீரால் அலசிச் சில நாள் இளவெயிலில் வைத்தால் மஞ்சள் தானே மங்கும். காப்பி சிந்தினால் உடனே உலர்ந்த துணியால் ஒற்றுக, தேய்க்காதீர்கள். எண்ணெய்க் கறைமேல் அரிசிமாவைத் தூவி இரவு விட்டுக் காலையில் தட்டுக.

நம் அண்டை வீட்டுக் கன்னட நண்பர்கள் சிலரிடம் நவலகுந்து ஜமகானா இருக்கக் காணலாம். தார்வாட மாவட்டத்து நவலகுந்தில் பெண்கள் நிமிர்ந்த தறியில் நெய்யும் பருத்தி விரிப்பு அது. அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. சொல்லே நம் ஜமுக்காளத்துக்கு உறவு என்று காட்டிவிடுகிறது. பருத்தியாதலால் மேலே சொன்ன முறையே அதற்கும் பொருந்தும். அவர்கள் கேட்டால் நாம் சொல்லித் தரலாம், அல்லது அவர்களிடம் நாம் கற்கலாம்.

கம்பளியின் செய்தி வேறு. சித்ரதுர்க மாவட்டத்து முரட்டுக் கம்பளியில் நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி ஏற்றியிருப்பர். அதை ஊறவைத்தால் கஞ்சி கரைந்து கம்பளி தளர்ந்துவிடும். வெந்நீரும் சலவைச் சோடாவும் எந்தக் கம்பளிக்கும் பகை. சூட்டில் தேய்த்தால் கம்பளி சுருங்கிக் கெட்டியாகும். காரம் அதன் இழையையே அரிக்கும். முடிச்சுக் கம்பளங்களை வீட்டில் நனைக்கவே வேண்டா. உலர்ந்த பிரஷும் ஈரத்துணியும் போதும். முன்னாளில் பெங்களூரே கம்பளத்துக்குப் பெயர் பெற்ற ஊர். இருபுறமும் ஒரே சித்திரம் அமைந்தவை இங்கே நெய்யப்பட்டன. மத்தியச் சிறையிலும் பாரசீக முறைக் கம்பளங்கள் முடியப்பட்டன. அச்சிறை இருந்த இடமே இன்றைய சுதந்திரப் பூங்கா. மெஜஸ்டிக்கில் வண்டியிறங்கி அவ்வழியே நாள்தோறும் நடப்போர் பலருக்கும் இது தெரியாது.

கம்பளியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி அன்று, அதன் புழு. இருளும் அசைவின்மையும் அழுக்கும் உள்ள இடத்தை அது நாடும். பருத்தியை அது தீண்டாது; ஆனால் கஞ்சியிட்ட பருத்தியை வெள்ளிப்பூச்சி கடிக்கும். ஆதலின் எதையும் கஞ்சியோடு உள்ளே வைக்க வேண்டா. நன்கு உலர்த்தி, மடிக்காமல் சுருட்டி, பழைய பருத்திப் புடவையில் பொதிந்து வைக்கவும். பிளாஸ்டிக் பையில் ஈரம் அடைபட்டு நிற்கும். கைக்குழந்தை படுக்கும் விரிப்புக்கு அந்துருண்டை ஆகாது. அதன் ஆவி சில குழந்தைகளின் இரத்தத்தைக் கெடுக்கும். உலர்ந்த வேப்பிலையை வைப்பது நம் வழக்கம், வைக்கலாம். ஆனால் மாதம் ஒருமுறை எடுத்து உதறிக் காற்றாட விடுவதற்கு அது ஈடாகாது.

அல்சூர்ச் சகோதரியார் ஜமுக்காளத்தை இறக்கும்போது இரு முனைக் குஞ்சங்களையும் பார்க்க வேண்டும். முடிச்சு அவிழ்ந்திருந்தால் நனைக்கும் முன்பே மீண்டும் முடிந்து, நாலைந்து தையல் போட்டுவிடுக. இல்லையேல் முனையிலிருந்து நெசவு பிரிந்துகொண்டே வரும். பத்தமடைப் பாயைப் பற்றிக் கேட்டிருக்கும் அன்பர்களுக்கு அடுத்த திங்கள் விடை எழுதுவேன். அதுவரை பாயை நீரில் நனைக்காமல் வைத்திருக்கவும்.