நிறம் போனது, உப்பு போகவில்லை

சூலூர்ப் பக்கத்து போர் தண்ணியில் பருப்பு லேசில் வேகாது, சோப்பு நுரைக்காது. அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிவதைச் சுரண்டிக் கை ஓய்ந்துவிடும். சிறுவாணித் தண்ணி குடித்துப் பழகியவர்கள் நம் வீட்டு டம்ளரை வாயில் வைத்ததுமே முகம் சுளிப்பார்கள்.

ஆனாலும் அந்த வெள்ளைப் படிவு எனக்குப் பெரிய கவலை இல்லை. அது சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். சுத்தமான தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 13 மில்லிகிராம்தான் கரையும். அதன் அயனிகள் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்துக்கொண்டு போவதால்தான் அது பைகார்பனேட்டாகிப் பல மடங்கு கரைகிறது. கொதிக்க வைத்தால் வாயு பிரிந்து, சுண்ணாம்பு மறுபடி கல்லாகி அடியில் உட்கார்ந்துவிடும்.

படியாத உப்புதான் பயம். சோடியம் குளோரைடு ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 360 கிராம் கரையும். காய்ச்சினாலும் குளிரவைத்தாலும் அந்த அளவு பெரிதாக மாறாது.

அந்தப் பயம் நிஜமானது நொய்யல் ஆற்றில்தான். நம்மூரைத் தாண்டி அது திருப்பூருக்குப் போகிறது. பருத்தித் துணியும் சாயமும் தண்ணீருக்குள் எதிர்மின் தன்மை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். அதைத் தணிக்கத்தான் சாயப்பட்டறைகளில் உப்பு கொட்டுகிறார்கள். சாயம் துணியில் ஏறிவிடும். போட்ட உப்பு அப்படியே கழிவுநீரோடு வெளியேறும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டு நிறத்தைச் சேறாகப் படிய வைத்தார்கள். உப்பு எதோடும் ஒட்டவில்லை. தெளிந்த தண்ணீரைப் பார்த்து எல்லோரும் நிம்மதியானோம், அங்கேதான் ஏமாந்தோம்.

பாசனத்துக்கென்று சென்னிமலை அருகே நொய்யலின் குறுக்கே 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை உப்புக் கிடங்காயிற்று. அணையைத் திறக்காதே என்று விவசாயிகளே போராடினார்கள். தண்ணீருக்கு ஏங்கும் கொங்கு மண்ணில் இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு ஆர்.ஓ., ஆவியாக்கி என்று வழி தேடினார்கள்.

இதில் எனக்கு நம்பிக்கை தருவது சோடியம் சல்ஃபேட். சாயம் ஏற்ற அதுவும் உதவும். 32 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் ஏறத்தாழ 50 கிராம் கரைகிற அது, 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் 9 கிராம்தான் கரையும். மிச்சம் படிகமாக விழும். அள்ளி மறுபடி சாயத்தொட்டியில் போடலாம். குளோரைடுக்கு இந்தக் குணம் கிடையாது, விறகெரித்து வற்றடித்தே ஆக வேண்டும். பட்டறைகள் முழுக்கவும் சல்ஃபேட்டுக்கு மாற வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.