கைமடிக்குப் போன பிள்ளை ‘டிராப் அவுட்’ இல்லை

ஆன்லைன் கல்வியைப் பற்றிப் பேசுவதற்கென்றே தனி ஆங்கிலச் சொற்பட்டியல்கள் இருக்கின்றன. ஐஈஎல்டிஎஸ் எழுதுபவர்களும் இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்களும் மனப்பாடம் செய்கிறார்கள். அசிங்க்ரனஸ், செல்ஃப் பேஸ்டு, லேர்னிங் லாஸ், டிராப் அவுட், ஸ்டேக்ஹோல்டர். செய்யட்டும், தப்பில்லை. திருப்பூரில் பையருக்கு ஒரு மெயில் போடவே இங்கிலீஷ் வேண்டும். சாஃப்ட்வேரில் என் பிழைப்பும் அதில்தான் ஓடுகிறது. என் சண்டை ஆங்கிலத்தோடு இல்லை. நடந்ததைச் சொல்லவேண்டிய சொல் நடந்ததை மறைக்கிறதே, அதோடுதான்.

முதலில் டிராப் அவுட். மரத்திலிருந்து காய் உதிர்வதுபோல பிள்ளை தானாக விழுந்துவிட்டது என்கிறது இந்தச் சொல். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. நடுவில் பத்தொன்பது மாதம். பனியன் கம்பெனிகள் அவ்வளவு காலம் மூடிக் கிடக்கவில்லை. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று பீஸை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்குகிற வேலைக்கு இங்கே கைமடி என்று பெயர். அடுத்து பிசிறு வெட்டுவது. இரண்டுக்கும் படிப்பு வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். “பள்ளிக்கூடத்த நிறுத்திக் கைமடிக்கு அனுப்பிட்டாங்க” என்று சொல்லிப் பாருங்கள். உடனே கேள்வி வரும்: யாரு அனுப்புனது? யாரு சேத்துக்கிட்டது? டிராப் அவுட் என்றால் இந்தக் கேள்விகள் வருவதே இல்லை. நம் அரசுத் தமிழும் உத்தமம் கிடையாது. ‘இடைநிற்றல்’ என்கிறார்கள், பிள்ளையே பாதி வழியில் நின்றுகொண்ட மாதிரி.

அடுத்தது அசிங்க்ரனஸ். எங்கள் தொழிலில் இதற்குக் கறாரான பொருள் உண்டு. ஒரு வேலையை அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்து நிற்காமல் அடுத்த வேலையைப் பார்ப்பது. ஆனால் பதில் வந்தால் என்ன செய்வது, வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதியாக வேண்டும். எழுதாத கோடை ரிவ்யூவில் திருப்பி அனுப்புவோம். வீட்டில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். அது காலையில் அப்பாவோடு கம்பெனிக்குப் போய்விடும். ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரி எட்டரைக்கு மேல் அது வீடு திரும்பிய பிறகு, தூக்கக் கலக்கத்தில் பிள்ளை வாட்ஸாப்பில் பாடம் பார்த்தால் அதற்குப் பெயர் அசிங்க்ரனஸ் லேர்னிங். செல்ஃப் பேஸ்டு என்றும் சொல்வார்கள். அது பிள்ளையின் வேகம் இல்லை, ஷிப்டின் வேகம். புரியாத பிள்ளையின் பதிலை வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் யாரும் இல்லை.

கல்வியை எல்லோருக்கும் புரியும்படி பேசத் தமிழில் வழியில்லை என்பவர்களுக்கு இந்த ஊரிலிருந்தே பதில் இருக்கிறது. 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் திருப்பூர்க்காரர். அவர் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை ஆசிரியராக வைத்துக் கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்தது. 1954இல் முதல் தொகுதி, மொத்தம் பத்து. அன்றைக்கு அறிவியலையே தமிழில் எழுத முடிந்தது. இன்றைக்கு வீட்டுப்பாடம் ஏன் நடக்கவில்லை என்று சொல்ல முடியாதா? 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யின் பெயரைப் பாருங்கள். திட்டத்தில் குறை நிறை இருக்கலாம். ஆனால் என்ன செய்யப்போகிறார்கள் என்பது பெயரிலேயே எந்த அம்மாவுக்கும் விளங்கும். விளங்கினால்தான் “எங்க தெருவுக்கு ஏன் வரல?” என்று கேட்க முடியும்.

“வெறும் சொல்தானே, இதுக்கா இவ்வளவு கோவம்?” என்பார்கள். சட்டத்தைப் பாருங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று திட்டம் போடும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. செக்கிங் டேபிளிலிருந்து அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற அக்காவிடம், “டிஜிட்டல் இன்டர்வென்ஷன்ல ஸ்டூடண்ட் என்கேஜ்மென்ட் இம்ப்ரூவ் ஆயிருக்குங்க” என்றால் என்ன நடக்கும்? கையெழுத்துதான் நடக்கும். “நாப்பது பேர்ல எத்தன பேரு வீடியோவ முழுசாப் பாத்தாங்க, எத்தன பேருக்குக் கணக்கு வருது?” என்று பேசினால் அவர் கேள்வி கேட்பார். கம்பெனியில் ஒரு பீஸில் தையல் விட்டிருந்தால் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறவர் அவர். அவருக்குப் புரியாது என்று முடிவுசெய்ய நாம் யார்?

தமிழில் சொன்னால் மட்டும் தீர்ந்துவிடாது என்பதும் தெரியும். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து தைக்கிறவர்களின் பிள்ளைகள் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் தமிழே ஒரு சுவர். எனவே நான் கேட்பது மொழித்தூய்மை அல்ல. யாருடைய பிள்ளையைப் பற்றிப் பேசுகிறோமோ, அவருக்குப் புரியும்படி பேசுங்கள், அவ்வளவுதான்.

அந்தச் சொற்பட்டியலைத் தாராளமாகப் படியுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரில் அர்த்தம் எழுதாமல், யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று ஒரு முழு வாக்கியம் எழுதிப் பாருங்கள். எழுத வராத சொல்லைக் கொண்டு அடுத்தவர் பிள்ளையின் படிப்பைப் பற்றி அறிக்கை கொடுக்காதீர்கள்.